சிக்கு நம்பர்

ஊதுற மிஷின் சிவப்பு விளக்கைக் காட்டியதும் மோனிஷாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கட்டியிருந்தது சிவப்புச் சேலை, கழுத்தில் அம்மனுக்குப் போட்ட மாலை, இப்போது விளக்கும் சிவப்பு. பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தபடி ஒதுங்கி நின்றாள். பின்னால் வந்த கனிஷ்கா ஊதினாள். அதுவும் சிவப்பு. அவளுக்குப் பின்னால் மாலை போட்ட பெண்கள் ஒவ்வொருவராக ஊத, விளக்கு நிறம் மாறவே இல்லை. அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. சிவப்பு விழுந்தவருக்கு ஆலைக் கதவு திறக்காது. அன்றைய கூலியும் கிடையாது.

பெயரைப் பார்த்து யாரும் இவர்களைச் சின்னப் பெண்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மோனிஷா, கனிஷ்கா என்று பெயர் வைத்த காலத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இப்போது முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கிறார்கள். செய்யாறு தாண்டி, ஒரு காலத்தில் கரும்பு நின்ற இடத்தில் நிற்கிறது புனர்வோல்ட் ஆலை. ஓடி ஓய்ந்த வண்டி பேட்டரிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். உடைத்து அரைத்தால் கறுப்புப் பொடி கிடைக்கும். மாங்கனீசு, கோபால்ட், நிக்கல், இரும்பு என்று அதில் இல்லாதது இல்லை. அந்தப் பொடியிலிருந்து புது பேட்டரி பிறக்கும். நாடே புகையில்லாமல் ஓடுகிறது என்று பெருமை பேசுகிறவர்கள், அந்தப் பொடி யார் மூக்கில் ஏறுகிறது என்று மட்டும் கேட்டதில்லை.

கேட்காமலே ஒரு சட்டம் வந்தது உண்மை. கறுப்புப் பொடி உடம்புக்குள் போனால் செல்லின் கொழுப்பைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பின் வாடை மூச்சில் வரும். ஆகவே தினமும் காலையில் ஒவ்வொரு தொழிலாளியும் மிஷினில் ஊத வேண்டும். அந்த வாடையை அளந்து மிஷின் ஒரு எண் சொல்லும். சட்டத்தில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஆலையில் எல்லோரும் சொல்வது சிக்கு நம்பர். பழைய எண்ணெயில் சுட்ட முறுக்கு சிக்கு வாடை அடிப்பது போலத்தானே இதுவும். நம்பர் ஏறினால் சிவப்பு. நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சிவப்பு என்று அரசு வாரியம் கண்டால் ஆலையையே மூடிவிடும். தொழிலாளியைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆலை அதற்குக் கண்டுபிடித்த வழி, தூசியைக் குறைப்பது அல்ல. ஆளுக்குத் தினம் ஒரு மாத்திரை.

கொக்கி மாத்திரை என்று அதற்குப் பெயர். உலோகத்தைக் கொக்கி போட்டு இழுத்து வெளியே தள்ளிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போட்டவர்களுக்கெல்லாம் பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நல அலுவலர் பிரணவ் ஓடி வந்தான். முப்பது வயதுக்காரன், யாரையும் மேடம் சேர்க்காமல் கூப்பிட மாட்டான். திட்டும்போதும் மேடம்தான்.

"மோனிஷா மேடம், மாத்திரை போடலையா?"

"மாலை போட்டிருக்கோம் சார். புதுசா வந்த மாத்திரை அட்டையப் பாருங்க. பச்சைப் புள்ளி இருந்த எடத்துல பழுப்புப் புள்ளி இருக்குது. மேல் தோலு மாட்டெலும்புல செய்யறதாமே. விரதத்துல அத எப்படி முழுங்கறது?"

"அது மருந்து மேடம்."

"மருந்துதான் சார். மாலை கழட்டனதும் போட்டுக்கறோம். அதுவரைக்கும் லீவுன்னு வச்சுக்குங்க."

பக்கத்து வரிசையில் பச்சை வாங்கி உள்ளே போகவிருந்த அறிவுக்கரசு நின்றுவிட்டார். தொழிற்சங்கச் செயலாளர். கறுப்புச் சட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வீட்டு வாசல் வரை பஸ்ஸும் அவர் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தவை. அதனால் அவர் வாயை எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள்.

"விஞ்ஞானம் குடுக்கற மாத்திரைய வேணாம்னு சொல்றதுக்கு ஒரு சாமி வேறயா?" என்றார். "நம்பர் ஏறி நாளைக்கு ஆலைய மூடினா உங்க அம்மன் வந்து சோறு போடுமா?"

"உங்களுக்கு இல்லாத அம்மன் உங்களுக்கு எதுக்குண்ணே சோறு போடணும்," என்றாள் மோனிஷா. வரிசையே சிரித்தது. அவரும் பாதி சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார்.

விரதம் பாதி கடந்திருந்த ஒரு சாயங்காலம். அம்மன் வழிபாட்டு மன்றத்தில் பெண்கள் கூடி நூற்றெட்டுப் போற்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோனிஷா கண்ணை மூடியபடி சொல்லிக்கொண்டே போனாள். முடித்துக் கண்ணைத் திறந்தபோது கனிஷ்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அப்படிப் பாக்கற?"

"புத்தகம் எங்க?" என்றாள் கனிஷ்கா.

புத்தகம் தட்டுக்குப் பக்கத்தில் மூடியபடியே கிடந்தது. ஒருத்தியும் அதைத் தொடவில்லை.

மோனிஷாவுக்கு உடம்பு சிலிர்த்தது. போன வருஷம் இதே போற்றியை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே வாயில் ஊறிக் கிடந்த போற்றியை, பாதியில் தொலைத்துவிட்டு அவர்கள் எல்லோரும் விழித்தார்கள். ஒருத்தி விட்ட இடத்தை இன்னொருத்தியால் எடுக்க முடியவில்லை. ஏதோ குற்றம் செய்துவிட்டோம், அம்மன் வாயைக் கட்டிவிட்டாள் என்று பயந்து, அதற்கப்புறம்தான் புத்தகமே வாங்கினார்கள். போன வருஷம் மாத்திரை அட்டையில் பச்சைப் புள்ளி. விரதத்திலும் மாத்திரையை விடவில்லை.

அது மட்டுமா. இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கியவள், தன் தெரு எந்தப் பக்கம் என்று தெரியாமல் டீக்கடை பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வாள். புருஷனிடம் சொன்னால் ஊருக்கே சொல்வான். கை லேசாக ஆட ஆரம்பித்திருந்ததையும் சேலைத் தலைப்பில் மறைத்தாள். இப்போது கையை நீட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்," என்றாள் கனிஷ்கா மெதுவாக. "எனக்கு உப்பு போட்டமா இல்லையான்னே தெரியாம இருந்துச்சுக்கா. இந்த வாரம் ஒரு நாளும் கொழம்பு கரிக்கல."

அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லோரும் மறைத்திருக்கிறார்கள். எல்லோரும் வயசுக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மோனிஷாவுக்கு வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

"அம்மன் வாயக் கட்டலடி," என்றாள். "மாத்திரை கட்டியிருக்குது."

மறுநாள் இரண்டு பேரும் ஆலை மருத்துவர் அஃப்ரீனின் வீட்டுக்கே போய்விட்டார்கள். ஆலைக்குள் கேட்டால் பதில் ஆலைக்குத் தகுந்தபடிதான் வரும் என்று மோனிஷாவுக்குத் தெரியும். அஃப்ரீன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"முறுக்கு சிக்கு புடிக்கறது தெரியும்ல அக்கா," என்று ஆரம்பித்தாள். "எண்ணெய் காத்துல கெட்டுப்போகுது. அதையே துருப்பிடிச்ச தகர டப்பாவுல போட்டு வச்சா?"

"சீக்கிரமே நாறும்."

"அதான். நம்ம ஒவ்வொரு செல்லுக்கும் சுவரு கொழுப்புதான். இரும்பு, மாங்கனீசு மாதிரி உலோகம் உள்ள போனா, ஒரு கொழுப்பைக் கெடுக்கும். அது பக்கத்துல இருக்கறதக் கெடுக்கும், அது அடுத்ததை. சுவரு ஓட்டை விழற வரைக்கும் போகும். இதுல மோசம் என்னன்னா, இவ்வளவும் பண்ணிட்டு அந்த உலோகம் தேயறதே இல்ல. திரும்ப அடுத்த வேலைக்கு வந்து நிக்கும்."

"அதத்தான் கொக்கி மாத்திரை இழுத்துட்டுப் போகுதுன்னீங்க."

"இழுத்துட்டுத்தான் போகுது." அஃப்ரீன் தலை நிமிரவில்லை. "நுரையீரல்ல இருந்தும் ரத்தத்துல இருந்தும் எடுக்குது. அதனால மூச்சுல வாடை கொறையுது. எடுத்ததை வெளிய தள்ளும்னு நெனச்சோம். ஆனா அந்தக் கொக்கியே கொழுப்போட ஒட்டற ஜாதி. கொழுப்பு எங்க ஜாஸ்தியோ அங்க போய், கையில இருக்கறத எறக்கி வச்சிடும். தண்ணிய எடுத்துட்டுப் பாத்தா மூளையில பாதிக்கு மேல கொழுப்புக்கா."

கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூளை கெட்டா மூச்சுல வாடை வராதா?" என்று கேட்டாள் மோனிஷா.

"மிஷினுக்கு எட்டற அளவு வராது. எனக்குப் போன வருஷமே சந்தேகம். எழுதிக் கேட்டேன். எல்லாருக்கும் பச்சைதானே எரியுது டாக்டர், உங்களுக்கு என்ன கவலைன்னாங்க. ஸ்கேன் எடுக்கணும்னா ஆலை அனுமதி வேணும். தர மாட்டாங்க. நானும் அதோட விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"விட்டத இப்பப் புடிங்க. மாத்திரை போடலன்னா?"

"தலை தெளியும், நீங்களே பாத்துட்டீங்க. ஆனா தூசில வேலை செஞ்சா நுரையீரல் கெடும். அதுல பொய் சொல்ல மாட்டேன்."

"இந்தப் பக்கம் போனா நுரையீரலு, அந்தப் பக்கம் போனா மூளை. மூணாவது பக்கம் கெடையாதா டாக்டரம்மா?"

"இருக்கு. அரைக்கற எடத்துல தூசியே கெளம்பாம உறிஞ்சி எடுக்கற குழாய் பூராவும் போடணும். மாத்திரை மலிவு. குழாய் வெலை ஜாஸ்தி. அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப எனக்கு அந்த மூணாவது பக்கம்தான் வேணும்," என்று மோனிஷா எழுந்துவிட்டாள்.

ஆலை நிர்வாகம் என்றால் கல்நெஞ்சு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த நிர்வாகம் அப்படி இல்லை. பெண்களின் பக்தியை மதித்து, ஒரே வாரத்தில் புது மாத்திரை வரவழைத்தது. தோல் கடல்பாசியில் செய்தது. அட்டையில் பளிச்சென்று பச்சைப் புள்ளி. பிரணவ் அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு ஒன்றுதான் குறை என்கிற மரியாதையோடு கதவருகே கொண்டு வந்தான்.

"உங்க உணர்வை நிர்வாகம் புரிஞ்சுக்கிட்டிருக்கு மேடம். இனிமே பிரச்சினை இல்லையே?"

மோனிஷா தட்டைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் மாலையின் நிழலில் நின்றது சௌகரியமாகத்தான் இருந்தது. சாமி காரியம் என்றால் யாரும் மேலே பேச மாட்டார்கள். இப்போது அந்த நிழலையும் அழகாக எடுத்துவிட்டார்கள். இனி வேண்டாம் என்று சொன்னால், சொல்வது மோனிஷா.

"வேணாம் சார்," என்றாள்.

"இது சைவம் மேடம்."

"தெரியுது. மாலை கழட்டனாலும் போட மாட்டேன். பச்சைப் புள்ளி போட்டாலும் போட மாட்டேன், பன்னீர் தெளிச்சுக் குடுத்தாலும் போட மாட்டேன். இது நம்பர எறக்கி மூளைல ஏத்துது. எனக்கு எம் மூளை வேணும்."

பிரணவின் முகம் மாறியது. "யார் சொன்னா உங்களுக்கு?"

"எனக்கு நூத்தியெட்டுப் போற்றியும் ஞாபகம் வந்துச்சு. அதுவே சொல்லுச்சு."

அறிவுக்கரசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. "மோனிஷா, விளையாடாத. அடுத்த மாசம் வாரியத்துல இருந்து சோதனைக்கு வராங்க. நீங்க பத்துப் பேரு நூறாகி ஆலை மூடினா எத்தன குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்? போற்றி ஞாபகம் வந்துச்சுன்றதெல்லாம் ஒரு ஆதாரமா?"

"மாலைய வுடுங்கண்ணே, போற்றிய வுடுங்க. உங்களுக்கு மறதி இல்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"எனக்கு எந்த மறதியும் இல்ல," என்றார் அவர். கொஞ்சம் வேகமாகவே சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தப் பெண்கள் வந்தார்கள். உள்ளே போக முடியாது என்று தெரிந்தும் வந்தார்கள். ஆலையின் அடையாள அட்டை வைத்திருக்கிறவர் கதவுக்கு வந்தால் ஊத விட வேண்டும் என்பது சட்டம். ஊதின எண் அப்படியே வாரியத்துக்குப் போய்விடும். அதை ஆலையால் தடுக்க முடியாது. ஆகவே வந்து, வரிசையில் நின்று, ஊதி, சிவப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். விரதம் முடிந்து மாலை கழற்றிய பிறகும் வந்தார்கள், சாதாரணச் சேலையில். உள்ளே போகிறவர்களில் சிலர் திட்டினார்கள். ஒருத்தன் எச்சில் துப்பினான். மோனிஷா வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. புருஷன் முணுமுணுத்தான். "முணுமுணுக்கறத ஞாபகம் வச்சுக்கற அளவுக்கு இப்ப எனக்குத் தலை நல்லா இருக்குது, பாத்துக்கோ," என்றாள் அவள். அதற்கப்புறம் அவன் முணுமுணுக்கவில்லை.

சோதனை நாளில் வாரியத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். கண்டிப்பான முகம், சொந்த மிஷின், பக்கத்தில் ஒரு கணினி. கதவுக்கு முன்னால் பந்தல் போட்டு, மோர் வைத்திருந்தார்கள். மோனிஷாவின் கூட்டம் முதலில் ஊதியது. எல்லாம் சிவப்பு. பிறகு மற்றவர்கள். பச்சை, பச்சை, பச்சை. மோனிஷா பச்சைகளை எண்ணிக்கொண்டே நின்றாள்.

"மேடம், இவங்க விரதத்துல சாப்பாட்டு முறையை மாத்திக்கிட்டவங்க," என்று பிரணவ் விளக்கினான். "மத்தவங்களைப் பாருங்க."

"அந்த மாத்திரைய விசாரிங்க," என்றாள் மோனிஷா. அஃப்ரீனும் கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, தான் சந்தேகப்பட்டதைச் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள்.

வாரியத்து அம்மாள் பொறுமையாகக் கேட்டாள். "ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கா டாக்டர்?"

"எடுக்க விடல."

"அப்ப நான் என்ன செய்ய முடியும்? எனக்குக் குடுத்திருக்கற அளவுகோல் மூச்சுதான். நூத்துக்குப் பத்து தாண்டல." அவள் குரலில் வருத்தம்கூட இருந்தது. வருத்தத்தை வைத்து என்ன செய்வது. கனிஷ்கா மோனிஷாவின் கையைப் பிடித்து, போகலாம் என்று இழுத்தாள். மோனிஷா அசையவில்லை. தோற்றால் தோற்றதை நின்று பார்க்கிறேன் என்று நின்றாள்.

அறிவுக்கரசின் முறை வந்தது. ஊதினார். பச்சை. பச்சை வாங்கினவர்களிடம் வாரியம் காப்பீட்டுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்கும். இவ்வளவு நேரமும் எல்லோரும் கழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

"நாமினி பேரு?"

"எம் பொண்ணு," என்றார் அறிவுக்கரசு.

"சரி, பேரு?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கறுப்புச் சட்டைக் கழுத்தைத் தடவினார். அட்டை அங்கேதான் தொங்கியது, பின்பக்கத்தில் அந்தப் பெயர் அச்சடித்திருந்தது. திருப்பிப் பார்த்தால் முடிந்தது. கை அதுவரை போயிற்று. போய் நின்றது. அப்படியே அதை விட்டுவிட்டு, வரிசையிலிருந்து விலகி, எல்லோரும் பார்க்க, மோனிஷாவை நோக்கி நடந்து வந்தார்.

கிண்டல் செய்யத்தான் வருகிறார் என்று மோனிஷா பதிலைத் தயாராக்கிக்கொண்டாள். பக்கத்தில் வந்ததும் முகத்தைப் பார்த்தாள். தயாராக்கின பதில் எங்கோ போய்விட்டது.

"மோனிஷா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "எம் பொண்ணு பேரு இன்னா?"

"யாழிசை, அண்ணே."

"யாழிசை." அவர் அதை வாயில் வைத்துப் பார்த்தார். "நாந்தான் வச்சேன் அந்தப் பேர. ஒரு மாசம் தேடி வச்சேன்."

"ஆமாண்ணே. வச்சன்னிக்கு ஆலை பூரா லட்டு குடுத்தீங்க."

அவர் திரும்பினார். சங்கக் கூட்டத்தில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற குரல் அது. "அம்மா, இப்ப பச்சை காட்டுச்சே உங்க மிஷின், அந்த ஆளுதான் நான். எம் பொண்ணு பேரு எனக்குத் தெரியல. இந்தம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. சிவப்பு வாங்கி வெளிய நிக்கிற இந்தம்மாவுக்குத் தெரியுது. பச்சை வாங்கன எனக்குத் தெரியல. இதுவும் ஒரு அளவுகோல்தான். கணினில ஏத்துங்க."

பிறகு வரிசையில் முன்பே பதில் சொல்லிவிட்டு நின்ற ஒரு ஆள், தலையைக் குனிந்தபடி, "நானும் கார்டப் பாத்துதாம்மா சொன்னேன்," என்றான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி, "நானுந்தான்," என்றாள். அப்புறம் யார் யார் சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை.

வாரியத்து அம்மாள் கணினியை மூடி, மறுபடி திறந்தாள். "எல்லார் கார்டையும் வாங்கி இந்த மேசையில வைங்க," என்றாள் பிரணவிடம். "மொதல்ல இருந்து கேக்கறேன். வீட்டு ஆளுங்க பேரு, தெரு பேரு, எந்த பஸ்ஸுல வந்தீங்க. பதிலை மூச்சு நம்பருக்குப் பக்கத்துலயே பதியறேன். ஸ்கேனுக்கு நான் உத்தரவு போடறேன். அதுவரைக்கும் அந்த மாத்திரைய யாரும் போடக் கூடாது."

"மாத்திரை இல்லன்னா எல்லாருக்கும் சிவப்பு விழும் மேடம்," என்றான் பிரணவ். "ஆலைய மூட வேண்டி வரும்."

"மூடுங்க," என்றார் அறிவுக்கரசு. "குழாய் போட்டுட்டுத் தெறங்க. அதுவரைக்கும் இந்த வாசல்லதான் இருப்போம்."

மேசையில் அட்டைகள் குவிந்தன. பிரணவ் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினான். கடைசியில் வாரியத்து அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களும் அந்த மாத்திரை போடறவர்தானே?"

"ஆபீஸ்ல எல்லாரும் போடணும்னு விதி மேடம்."

"அப்ப உங்க கார்டும்."

பிரணவின் கை கழுத்துப் பட்டையைப் பற்றியது. கழற்றவில்லை. அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் எதையோ தேடி அசைய, சுற்றிலும் பார்த்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தன் தெருவைத் தேடியவளுக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். மோனிஷாவுக்கு அவன் மேல் முதல் தடவையாகப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்து விட்டுவிட அவள் இத்தனை நாள் வாசலில் நிற்கவில்லை.

"கழட்டுங்க சார்," என்றாள்.